கடகம்போல் இழைத்த விமானம்

(இணையவழி இலக்கியச் சந்திப்பொன்றில் நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

கனடாவில் இருப்பவர்களுக்குக் காலை வணக்கம். அவுஸ்திரேலியாவில் விழித்திருப்பவர்களுக்கு விசேட வணக்கம், அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். நானும் நேற்று இரவுப் பணி முடித்து வந்தவள்தான். இடையில் கொட்டாவி விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இலக்கியம் முறையாகப் படித்தவள் அல்ல. என்னிடம் இருப்பது தாதியர் டிப்ளோமா ஒன்றுதான். எழுதுவதெல்லாம் விடுதியிலும் வீட்டுச் சமையலறையிலும் கிடைத்தவை. ஏற்பாட்டாளர்கள் "போரும் புனைவும்" என்று தலைப்புத் தந்தார்கள். அவ்வளவு பெரிய தலைப்பு எனக்குத் தாங்காது, ஒரு விமானத்தைப் பற்றிக் கதைக்கட்டுமா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். அதனால் இன்று 1932இல் காகிதத்தில் தொடங்கி 1938இல் படைக்கு வந்த ஒரு பிரித்தானியக் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றிக் கதைக்கப்போகிறேன். அதன் பெயர் விக்கர்ஸ் வெலிங்டன்.

ஏன் இது என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள்.

முதலாவது, ஒரு வாசகர் சொன்னது. எங்கள் வீட்டுப் பங்கரைப் பற்றி நான் எழுதிய கதையைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் எடுத்தார். "அக்கா, உங்கள் கதைகளில் பொம்மர் வருகிறது, சுற்றுகிறது, போடுகிறது, போகிறது. ஒருநாளும் அதற்குள் ஆள் இருந்ததில்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பங்கருக்குள் குப்புறக் கிடக்கும் பிள்ளை விமானியின் முகத்தை எப்படிப் பார்க்கும் என்று கேட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார். ஆனால் அவர் சொன்னது என்னோடு தங்கிவிட்டது.

இரண்டாவது காரணம் ஒரு ஆச்சி. 2008இல் நான் சரே மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். நவம்பர் 5 இரவு. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு அந்த இரவு தெரியும், ஊரெல்லாம் வாணவேடிக்கை. 86 வயதான ஒரு வெள்ளைக்கார மூதாட்டிக்கு நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரை இங்கே ஆச்சி என்றே சொல்கிறேன். யன்னலுக்கு வெளியே பெரிய வெடி ஒன்று கேட்டது. அடுத்த கணம் நான் மருந்துக் கிண்ணத்தோடு கட்டிலுக்கருகில் குந்திவிட்டேன். ஊரை விட்டு வந்து எத்தனை வருடம்! உடம்பு மறக்கவில்லை. வெட்கத்தோடு எழுந்து பார்த்தால், ஆச்சியின் இரண்டு கைகளும் அவருடைய தலைக்கு மேலே இருந்தன. ஒருவரையொருவர் பார்த்தோம். "நீயுமா?" என்று கேட்டார்.

அந்த இரவு அவர் தன் கதையைச் சொன்னார். 1938இல், 16 வயதில், வேபிரிட்ஜில் உள்ள விக்கர்ஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர். வேலை, தையல். குண்டுவீச்சு விமானத்துக்குத் துணி தைப்பது. பகிடி விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். குண்டு போடும் விமானத்துக்கு என்ன துணி? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன்.

இனி விமானத்துக்கு வருகிறேன்.

முதலாம் உலகப் போர் முடிந்ததும், அடுத்த பத்து வருடங்களுக்குப் பெரிய போர் வராது என்ற அனுமானத்தில் பிரித்தானியா தன் படைச் செலவைக் கணக்கிட்டது. அந்த அனுமானத்தை 1919 முதல் நீட்டிக்கொண்டே வந்து 1932 மார்ச்சில்தான் கைவிட்டார்கள். அதே 1932இல் ஜெனீவாவில் ஆயுதக் குறைப்பு மாநாடு தொடங்கியது. அதே வருட நவம்பரில் ஸ்டான்லி போல்ட்வின் நாடாளுமன்றத்தில் பேசினார்: குண்டுவீச்சு விமானம் எப்படியும் ஊடறுத்து வந்துவிடும், தெருவில் நடக்கும் சாதாரண மனிதனைக் காப்பாற்ற எந்தச் சக்தியாலும் முடியாது, எதிரியைவிட வேகமாக எதிரியின் பெண்களையும் பிள்ளைகளையும் கொல்வதுதான் ஒரே தற்காப்பு என்ற பொருளில். அவர் அதை மகிழ்ச்சியோடு சொல்லவில்லை. அச்சத்தோடு சொன்னார். ஆனால் சொன்னார்.

இந்த மாநாட்டையும் இந்த அச்சத்தையும் நடுவில் வைத்துத்தான் விமான அமைச்சு 1932இல் பி 9/32 என்ற விவரக்குறிப்பை வெளியிட்டது. இரண்டு இயந்திரம் கொண்ட பகல்நேரக் குண்டுவீச்சு விமானம் தேவை என்றது. அதில் ஒரு நிபந்தனை என்னை நிறுத்தியது. எரிபொருளும் ஆட்களும் குண்டுகளும் இல்லாத வெறும் விமானத்தின் எடை 6,500 இறாத்தலைத் தாண்டக்கூடாது. காரணம் ஜெனீவா. குண்டுவீச்சு விமானங்களின் எடைக்கு அங்கே உச்சவரம்பு வரப்போகிறது என்று எதிர்பார்த்தார்கள். கொல்லும் கருவியைத் தடை செய்ய முடியாவிட்டால் அதை மெலிவாகவாவது வைத்திருப்போம் என்பது யோசனை.

இதே மாநாட்டில் இன்னொன்றும் நடந்தது. 1933 மார்ச்சில் பிரித்தானியா ஒரு நகல் உடன்படிக்கையை முன்வைத்தது. வானிலிருந்து குண்டு வீசுவதை முற்றாக ஒழிப்போம் என்றது அது. ஆனால் ஒரு விலக்கு இருந்தது. தொலைதூரப் பிரதேசங்களில் பொலிஸ் தேவைக்காகக் குண்டு வீசலாம். ஈராக்கில் 1920களில் அவர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். தொலைதூரப் பிரதேசம் என்றால் யாருக்குத் தொலைவு? இந்த வரியைப் படித்தபோது நான் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

அதே வருட ஒக்டோபரில் ஜேர்மனி மாநாட்டை விட்டு வெளியேறியது. 1934இல் எடைக்கட்டுப்பாடும் கைவிடப்பட்டது. 6,500 இறாத்தலில் நினைத்த விமானம் உற்பத்திக்கு வந்தபோது வெறும் எடையே கிட்டத்தட்ட 18,000 இறாத்தல். மூன்று மடங்குக்குச் சற்றுத்தான் குறைவு. ஆயுதக் குறைப்பு எப்படித் தோற்றது என்று விளக்க என்னைக் கேட்டால் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன்.

ஆனால் எடையைக் குறைக்கத் தேடிய வழியில் ஒரு அழகு பிறந்தது. அழகு என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, வேறு சொல் வரவில்லை.

விக்கர்ஸில் தலைமை வடிவமைப்பாளர் ரெக்ஸ் பியர்சன். அவரோடு பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியியலாளர். வாலிஸ் அதற்கு முன் ஆர்100 என்ற ஆகாயக் கப்பலை வடிவமைத்தவர். அது 1930இல் கனடாவுக்குப் போய்த் திரும்பியது. அதன் போட்டிக் கப்பலான ஆர்101 அதே வருடம் இந்தியாவுக்குப் புறப்பட்டுப் பிரான்சில் விழுந்து 48 பேர் இறந்தார்கள். அதோடு பிரித்தானியாவின் ஆகாயக் கப்பல் காலம் முடிந்தது. இலக்கியக் கூட்டம் என்பதால் ஒரு இடைச்செருகல்: ஆர்100இன் கணக்குகளைப் போட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பின்னாளில் 'ஆன் த பீச்' எழுதிய நெவில் ஷூட். பொறியியலாளர்கள் நாவல் எழுதும்போது தாதிமார் கதை எழுதக்கூடாதா?

ஆகாயக் கப்பலில் கற்றதை வாலிஸ் விமானத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஜியோடெற்றிக் கட்டமைப்பு என்று பெயர். எனக்கு இதை விளங்க உதவியது எங்கள் அம்மம்மாவின் பனையோலைக் கடகம். கடகத்தில் ஓலை நேராக ஓடாது, சரிந்து ஓடும். ஒரு வரிசை இடமிருந்து வலமாகச் சரியும், மற்றது வலமிருந்து இடமாக. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும். உள்ளே கம்பு கிடையாது, தூண் கிடையாது. ஆனாலும் அதற்குள் நெல்லை நிரப்பித் தலையில் தூக்கலாம். வெலிங்டனின் உடலும் அப்படித்தான். டூராலுமின் என்ற இலேசான அலுமினியக் கலப்பு உலோகத்தில் ஒடுங்கிய சட்டங்கள், வளைந்த உடலைச் சுற்றி எதிரெதிர்த் திசையில் சுருளாக ஓடுகின்றன. ஒரு சட்டம் இழுபடும்போது அதைக் கடக்கும் சட்டம் அழுத்தப்படுகிறது. சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றதைச் சமன் செய்கிறது. ஒரு பகுதி உடைந்து போனால் பாரம் பக்கத்துச் சட்டங்களின் வழியாகச் சுற்றிப் போய்விடும்.

மனித எலும்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. தொடை எலும்பின் தலையை நீளவாக்கில் அறுத்த படத்தைப் பாருங்கள். உள்ளே வளைந்து வளைந்து ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும். தாதியர் கல்லூரியில் அந்தப் படத்தை நான் பல தடவை கீறியிருக்கிறேன். வாலிஸின் தந்தை ஒரு வைத்தியர், இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதிக்கப்பட்டவர். அந்த வீட்டில் வளர்ந்த பையன் எலும்பைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தான் என்று நான் சொல்லவரவில்லை. அப்படி எழுத ஆசை வந்தது, அழித்துவிட்டேன்.

இந்தக் கடகத்தின் மேல் போர்த்தியதுதான் துணி. ஐரிஷ் லினன். அதன் மேல் 'டோப்' என்ற பூச்சைப் பூசுவார்கள். காயக்காயத் துணி இறுகி மேளத்தோல் போலாகும். அந்த மணம் இனிப்பு மணம் என்று ஆச்சி சொன்னார். வீட்டுக்குப் போனாலும் தலைமயிரில் இருக்குமாம்.

இதே முறையில் ஒற்றை இயந்திரத்தோடு முதலில் செய்த விமானம் வெலஸ்லி. 1935இல் பறந்தது. 1938 நவம்பரில் எகிப்தின் இஸ்மயிலியாவிலிருந்து புறப்பட்ட மூன்றில் இரண்டு, இடையில் எங்கும் இறங்காமல் அவுஸ்திரேலியாவின் டார்வினுக்குப் போய்ச் சேர்ந்தன. 7,000 மைலுக்கு மேல். வெலஸ்லி என்பது வெலிங்டன் பிரபுவின் குடும்பப் பெயர். அந்தப் பிரபு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராக வந்த படையில் இருந்தவர். எங்கள் பக்கத்து மண்ணை மிதித்துப் போன ஆள்தான்.

வெலிங்டனின் முதல் மாதிரி 1936 ஜூன் 15 அன்று வேபிரிட்ஜை அடுத்த புரூக்லண்ட்ஸில் பறந்தது. அப்போது அதற்குக் கிரெசி என்று பெயர் வைத்திருந்தார்கள். சில மாதங்களில் வெலிங்டன் என்று மாற்றினார்கள். பறந்து இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், 180 விமானங்களுக்கு உத்தரவு வந்தது. ஹிட்லர் ரைன்லாந்துக்குள் படையை அனுப்பிய வருடம் அது, அவசரம் புரிகிறது. 1937 ஏப்ரலில் அந்த மாதிரி விமானம் விழுந்து நொறுங்கியது. வேகமாகக் கீழ்நோக்கிப் பாய்ந்தபோது, மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையின் ஒரு பகுதி காற்றின் விசைக்கு உடைந்தது. விமானம் தலைகீழாகப் புரண்டது. விமானி கூரையை உடைத்துக்கொண்டு வெளியே எறியப்பட்டுப் பரசூட்டில் தப்பினார். கூட இருந்தவர் இறந்தார். வெலிங்டன் கொன்ற முதல் மனிதர் அவர். அவர் எதிரி அல்ல.

அதற்குப் பிறகு வாலை மாற்றினார்கள், உடலை உயர்த்தினார்கள், கிட்டத்தட்டப் புதிய விமானமாகவே வரைந்தார்கள். 1937 டிசெம்பரில் முதல் உற்பத்தி விமானம் பறந்தது. 1938 ஒக்டோபரில் மில்டன்ஹோலில் இருந்த 99ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்து சேர்ந்தது. மற்றக் கம்பனிகள் உலோகத் தகட்டால் மூடிய விமானங்களுக்குப் போய்விட்ட காலம் அது. துணி போர்த்திய இது சற்றுப் பழைய ஆள்தான். ஆனாலும் போர் தொடங்கும்போதும் உற்பத்தியில் இருந்தது, முடியும்போதும் இருந்தது. மொத்தம் 11,400க்கும் மேல்.

எங்கள் வேலையில் எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. நீர் எவ்வளவு குடித்தார், எத்தனை தடவை திரும்பிப் படுத்தார், விழும் அபாயம் எத்தனை புள்ளி. படிவத்தில் கட்டம் இல்லாத விடயத்தைப் பெரும்பாலும் யாரும் குறிப்பதில்லை. நல்ல தாதிகூடக் குறிப்பதில்லை, நேரமில்லை. நான் இந்த விமானத்தின் கதையைப் படிக்கப் படிக்க, இது படிவம் நிரப்பும் கதையாகவே தெரிந்தது. எடை, வேகம், தூரம், எத்தனை இறாத்தல் குண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் திறமையான, நேர்மையான மனிதர்கள் நிரப்பினார்கள். கீழே இருப்பவருக்குக் கட்டம் இல்லை. அது எனக்கு ஆச்சரியமில்லை. உள்ளே இருப்பவருக்கும் போதிய கட்டம் இல்லை என்பதுதான் எனக்குப் புதிது.

1939 டிசெம்பர் 18. பட்டப்பகல். 24 வெலிங்டன்கள் ஜேர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாவன் பக்கம் போர்க்கப்பல்களைத் தேடிப் புறப்பட்டன. இரண்டு இயந்திரக் கோளாறால் திரும்பின. 22 போயின. நெருக்கமாக அணிவகுத்துப் பறந்தால் தங்கள் துப்பாக்கிகளாலேயே தங்களைக் காத்துக்கொள்ளும் என்பது 1932இலிருந்து எல்லோரும் நம்பிவந்த கணக்கு. கப்பல்கள் துறைமுகத்துக்குள், கரையோடு நின்றன. கரையில் பொதுமக்கள் இருப்பார்கள் என்பதால் அவற்றைத் தாக்கக்கூடாது என்று உத்தரவு. இதை மனதில் வையுங்கள். அன்று அவர்கள் குண்டு போடாமல் திரும்பினார்கள்.

ஜேர்மன் போர்விமானங்கள் பக்கவாட்டிலிருந்து வந்தன. மூக்கிலும் வாலிலும் இருந்த துப்பாக்கிக் கூண்டுகள் அவ்வளவு தூரம் பக்கத்துக்குத் திரும்பமாட்டா. எரிபொருள் தாங்கிகளுக்குப் பாதுகாப்பு உறை இல்லை. தானே மூடிக்கொள்ளும் தாங்கி என்று ஒன்று உண்டு. சுவருக்குள் பதப்படுத்தாத ரப்பர் இருக்கும். துளை விழுந்து பெற்றோல் பட்டதும் ரப்பர் வீங்கி ஓட்டையை அடைத்துவிடும். வெட்டுக்காயத்தில் இரத்தம் உறைவதைப் போல. ஆனால் அது பாரம், எரிபொருளின் இடத்தையும் தின்னும். அன்று போன விமானங்களில் அது இல்லை. 22இல் 12 திரும்பவில்லை.

இழைத்த எலும்புக்கூடு அப்படியே நின்றது, உள்ளே இரத்தம் ஓடி முடிந்தது. ஒரு தாதிக்கு இதைவிட வேறு எப்படியும் சொல்ல வராது.

அதற்குப் பிறகுதான் பாதுகாப்புத் தாங்கிகள் வந்தன, பகல் பறப்பை விட்டு இரவுக்கு மாறினார்கள். இரவில் கப்பல் தெரியாது, தொழிற்சாலை தெரியாது. நகரம் மட்டுமே தெரியும். கரையில் பொதுமக்கள் இருப்பார்கள் என்று குண்டோடு திரும்பிய விமானம், 1942 மே 30 இரவு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களோடு கொலோன் நகரத்துக்கு மேலே போனது. அவற்றில் பாதிக்கு மேல் வெலிங்டன்கள். அடுத்த வருடம் ஹம்பேர்க்கில் ஒரு வாரத்துக்குள் 30,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்ளே இருந்தவர்களையும் சொல்லவேண்டும். போர் முடியும்போது பிரித்தானியக் குண்டுவீச்சுப் பிரிவில் 55,573 விமானப் பணியாளர்கள் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள்.

எரிந்து உயிரோடு வந்தவர்களைப் பற்றி ஒரு தாதி சொல்லாமல் போகக்கூடாது. சசெக்ஸில் ஈஸ்ட் கிறின்ஸ்டெட் என்ற சிறிய ஊர். அங்கே ஆர்ச்சிபோல்ட் மக்கிண்டோ என்ற நியூசிலாந்துச் சத்திரசிகிச்சையாளர். தீக்காயத்தின் மேல் தானிக் அமிலம் பூசிக் காயவைப்பதுதான் அப்போதைய வழக்கம். அது தோலை ஓடுபோல் இறுக்கி விரல்களை முடக்கிவிடும். கடலில் விழுந்த விமானிகளின் காயம் நன்றாக ஆறுவதை மக்கிண்டோ கவனித்து உப்புநீர்க் குளியலுக்கு மாறினார். அவருடைய நோயாளிகள் 1941இல் 'கினி பிக் கிளப்' என்று ஒன்று தொடங்கினார்கள். கினிப் பன்றி என்றால் பரிசோதனை மிருகம். ஓடிப்போக முடியாது என்பதால் கால் எரிந்தவரைப் பொருளாளர் ஆக்கினார்களாம். கூட்டக் குறிப்பு நீளாது என்பதால் விரல் எரிந்தவரைச் செயலாளர் ஆக்கினார்களாம். போர் முடியும்போது 649 பேர். தொடக்கத்தில் போர்விமானிகள், பிறகு பெரும்பாலும் குண்டுவீச்சு விமானக்காரர். மக்கிண்டோ அழகான தாதிமாரைத் தெரிந்து எடுத்தார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடிக்கவில்லை. உப்புநீரில் ஊறிய கட்டைப் பிரிக்கும்போது முகத்தைச் சுளிக்காமல் வைத்திருந்தார்களே, அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

மீண்டும் ஆச்சியிடம் வருகிறேன்.

1940 செப்டெம்பர் 4, மதிய உணவு நேரம். ஜேர்மன் விமானங்கள் வேபிரிட்ஜ் தொழிற்சாலையைத் தாக்கின. 83 பேர் இறந்தார்கள், 400க்கும் மேற்பட்டோருக்குக் காயம். ஆச்சி அப்போது உள்ளே இருந்தார். பக்கத்து மேசையில் தைத்துக்கொண்டிருந்த சிநேகிதி அன்று போய்விட்டார். எனக்குச் சொல்லும்போது அழவில்லை. விரலால் போர்வையின் ஓரத்தைத் தைப்பதுபோல் செய்துகொண்டிருந்தார். அதன் பிறகும் அதே வேலைக்குத்தான் போனாராம்.

நான் கேட்டேன். மரியாதையில்லாத கேள்விதான். "நீங்கள் தைத்த துணி யாருக்கு மேலே பறக்கும் என்று யோசித்தீர்களா?"

கன நேரம் எடுத்தார். "தையல் விட்டுவிடக்கூடாது என்று மட்டும் யோசித்தேன். மேலே போகும் பையன்களை யோசித்தேன். அதற்குக் கீழே யோசிக்கவில்லை" என்றார். பிறகு, "உனக்கு மேலே வந்தது எது?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் விமானங்களின் பெயர் தெரியும். சத்தத்தை வைத்தே எது என்று சொல்வோம். அவற்றில் ஒரு பெயரைச் சொன்னேன். பெயர் இங்கே வேண்டாம். ஆச்சி என்னைப் பார்த்தார். "அது எங்களுடையதாயிற்றே" என்றார். உண்மைதான். அது இங்கிலாந்தில், பயணிகளை ஏற்றிச் செல்ல என்று வடிவமைத்த விமானம். அதையும் யாரோ ஒருவர் கவனமாக வரைந்திருப்பார், யாரோ ஒரு பெண் அதன் இருக்கைகளுக்குத் துணி தைத்திருப்பார். அந்த ஆட்களில் ஒருவர்கூட எங்கள் பங்கரை நினைத்திருக்க நியாயமில்லை.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. "தண்ணீர் கொஞ்சம் குடியுங்கள்" என்றேன். குடித்தார். படிவத்தில் 150 மில்லிலீற்றர் என்று எழுதினேன்.

அடுத்த வருடம் இல்லத்திலிருந்து புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா போனோம். அங்கே ஒரு வெலிங்டன் இருக்கிறது. 1940இன் கடைசி நாளில் ஒரு பயிற்சிப் பறப்பின்போது இயந்திரம் கெட்டு ஸ்கொட்லாந்தின் லொக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கியது. 1976இல் அந்த ஏரியின் பூதத்தைத் தேடியவர்கள் கண்ணில் பட்டது. 1985இல் வெளியே எடுத்தார்கள். வால்விளக்கை மின்கலத்தோடு இணைத்தபோது எரிந்ததாம். அது 1939 டிசெம்பர் 18 அன்று போய்த் திரும்பிய பத்தில் ஒன்று.

துணி இல்லாமல் எலும்புக்கூடாக நிற்கிறது. ஆச்சியின் சக்கர நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். "துணியை எடுத்துவிட்டார்கள்" என்றார், சற்று ஏமாற்றத்தோடு. நான் அந்தச் சரிந்த சட்டங்களுக்கு ஊடாகப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு தகப்பன் சின்ன மகனைத் தூக்கி உள்ளே எதையோ காட்டிக்கொண்டிருந்தார். விமானிகள் நடந்த பலகை தெரிந்தது. மிக ஒடுக்கம். என்னாலேயே குனிந்துதான் போகமுடியும்.

வாலிஸின் கல்லறை அங்கிருந்து அதிக தூரமில்லை, எஃபிங்ஹாம் தேவாலய வளவில். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து போனேன். கடவுள் பக்தி உள்ள மனிதர். மனைவியின் சகோதரியும் அவருடைய கணவரும் ஜேர்மன் குண்டில் இறந்தபோது அந்தப் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். 1943இல் அவர் வடிவமைத்த இன்னொரு குண்டைக் கொண்டுபோய் ஜேர்மன் அணைக்கட்டுகளை உடைத்த இரவில் 53 விமானப் பணியாளர்கள் இறந்தார்கள். அது அவரை உடைத்துவிட்டது. பிறகு கிடைத்த 10,000 பவுண் வெகுமதியை விமானப்படையில் இறந்தவர்களின் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்தார். அதே இரவில் அணை நீரில் மூழ்கி இறந்தவர்கள் 1,000க்கு மேல். அவர்களுக்காகவும் அவர் அழுதிருப்பாரா? கல்லறைக்கு முன்னால் நின்று செபம் சொல்ல முயன்றேன். எந்தச் செபம் என்று முடிவெடுக்க முடியவில்லை. புல்லில் கிடந்த ஒரு கடதாசியைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஆச்சி 2010இல் இறந்தார். இரவுப் பணியில் நான்தான் இருந்தேன்.

தொலைபேசியில் கதைத்த அந்த வாசகர் இன்றைக்கும் இணைப்பில் இருக்கிறார் என்று பெயரைப் பார்த்தேன். தம்பி, நீங்கள் சொன்ன பிறகு அந்தக் கதையை மூன்று தடவை திருப்பி எழுதினேன். பொம்மருக்குள் ஒரு ஆளை வைத்தேன். இருபது வயது, கை விறைத்துப்போய் இருக்கிறது, கையுறைக்குள் ஊதி ஊதிச் சூடாக்குகிறான். அதுவரை எழுத முடிகிறது. அவன் கீழே குனிந்து பார்க்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. கீழே எங்கள் வீடு இருக்கிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். இன்று இரவும் எனக்குப் பணி இருக்கிறது, ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும்.